உள்ளே வந்த கூட்டம்

— கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர் வட்டம், சிப்காட் பின்புறம் மூன்றாவது சந்து, தகரக் கதவு போட்ட வீட்டில் கூடியிருக்கும் பெருமக்களே. இன்று காலை பதினொன்றரை மணிக்கு பெங்களூரில், ஏசி போட்ட அறையில், சுடலைமுத்து ஆகிய என்னுடைய காலஞ்சென்ற வயிற்றைக் குறித்து உயர்மட்டக் குழு கூடி ஒரு முடிவெடுத்திருக்கிறது. அம்முடிவை வாசிக்கும் முன்னர், அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— கூடியிருக்க பெருமக்க நான் ஒருத்திதான். மௌனத்த அப்புறம் காக்கலாம். மணி அஞ்சரை ஆயிட்டு, இந்தக் கஞ்சியக் குடிங்க.

— பாத்தியா. ஒரு மனுசன் வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பு வாசிக்கான், நீ கஞ்சிய நீட்டுத. எங்க குவாலிட்டி மேனேஜர் பேசும்போது இப்படி யாராவது நீட்டிருந்தா, இருபத்திரண்டு வருசத்துல கம்பெனிக்கு எவ்வளவோ நேரம் மிச்சம்.

— நாலே மடக்கு. மெதுவா. போன வாரம் மாதிரி அவசரப்பட்டுக் குடிச்சுட்டு, வேர்த்துக்கொட்டுது, நெஞ்சு படபடங்குதுன்னு படுக்கக் கூடாது. வயித்த எடுத்த ஆளுக்கு அவசரம் ஆகாது.

— வயித்த எடுத்த ஆளுக்குப் பசியும் கிடையாது, வீரா. பசின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. ரெண்டாம் ஷிப்டுல எட்டு மணிக்கு ஒரு பசி வருமே, கேன்டீன் சாம்பாரையே அமிர்தம்னு நெனைக்க வைக்கிற பசி. அது ஒருதரம் வந்துட்டுப் போனாப் போதும். இப்ப நீ மணி பாத்து நீட்டுத, நான் வாயத் தொறக்கேன். ஊர்ல உன் பள்ளிக்கூடத்துச் சத்துணவுப் பிள்ளைய எண்பத்துமூணு பேரு. நான் எண்பத்துநாலு.

— எண்பத்துமூணுல ஒண்ணுகூட இப்படி அழிச்சாட்டியம் பண்ணாது. மணியடிக்க முன்னாடி தட்டத் தூக்கிட்டு வரிசையில நிக்கும். சரி, டாக்டரம்மா என்ன சொன்னாவ? நானும் வாரேன்னதுக்கு, நசருல்லா தம்பி துணைக்கு வாறான், நீ இருன்னுட்டிய.

— சொல்லுதேன். உக்காரு.

— உக்காந்துட்டேன்.

— ஜனவரியில என் கட்டிய வெட்டி எடுத்தாவல்லா. அத மெழுகுல பதிச்சுப் பத்திரமா வச்சிருக்காவ, நம்பர் போட்டு. எனக்கு ஊர்ல ஒரு சென்ட் நெலம் கிடையாது. என் கட்டிக்கு பெங்களூர்ல இடம் இருக்கு.

— ம்.

— அதுல வெங்காயத் தோலு மாதிரி ஒண்ணு சீவி, கண்ணாடியில ஒட்டி, சாயம் போட்டுப் பாத்திருக்காவ. எங்கிட்டயும் காமிச்சாவ. நீலக் கலர்ல தயிர்ச்சோறு ஒண்ண நெனச்சுக்கோ. அதுமேல கடுக அள்ளிக் கொட்டினாப்புல பழுப்புப் பழுப்பாப் புள்ளி. எண்ணி முடியாது.

— அந்தப் புள்ளி என்னது?

— செல்லு. அணு. கட்டிக்குள்ள கூட்டங்கூட்டமாப் பூந்திருக்கு. எல்லாருக்கும் அவ்வளவு பூராதாம், எனக்கு ரொம்ப ஜாஸ்தியாம். ஏளா, நான் இருபத்திரண்டு வருசமா இன்ஸ்பெக்‌ஷன்ல நிக்கேன். வார்ப்புக்குள்ள வெளிப்பொருள் ஒரு பொட்டு இருந்தாலே அந்தப் பீஸுக்குச் செவப்பு பெயிண்டு. கூட்டமா இருந்துச்சுன்னா மொத்த லாட்டும் ரிஜெக்ட். அப்புறம் நீயே பாத்துக்கோ.

— நீங்க செவப்பு பெயிண்டு அடிச்சது இருக்கட்டும். டாக்டரம்மா வாயால என்ன சொன்னாவன்னு கேக்கேன்.

— அவிய... கூடவே ஆள் இருக்கணும்னாவ. மணி பாத்துக் குடுக்க, முதுகத் தடவ.

— எத்தன நாளைக்கு?

— நாளெல்லாம் சொல்லல. கடைசிவரைக்கும்னு வச்சுக்கோயேன்.

— கடைசின்னா எது கடைசி?

— அத மாத்திர அட்டையில போடுத மாதிரி தேதி போட்டா தருவாவ?

— என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. பொழைக்க மாட்டியன்னு சொன்னாவளா?

— அப்படி வெட்டுனாப்புலயா சொல்லுவாவ. படிச்சவங்க. சுத்தி வளச்சு, இங்கிலீஷ்ல, ரொம்ப மரியாதையாத்தான் சொல்லுவாவ.

— சரி.

— என்ன சரி? எங்க எந்திரிச்சுப் போற?

— மோகனப்ரியாவுக்குப் போன் போடுதேன். மதுரையில இருந்து ராத்திரி பஸ் ஏறுனா விடிய வந்துருவா. பிள்ளைக்குத் தெரியணும்லா.

— ஏ, போன வையி. மாசமா இருக்க பிள்ளைகிட்ட இதையா சொல்லுவ.

— மாசமா இருந்தா என்ன? அப்பன் முடியாமக் கெடக்கது தெரிஞ்சும் ஆத்தாக்காரி மறைச்சுட்டான்னு நாளைக்கு அவ என்னையக் கேக்க மாட்டாளா?

— நாளைக்குச் சொல்லுவோம். நாளைக்கழிச்சு. ஒரு வாரம் போவட்டும். வீரா, சொன்னாக் கேளு, அந்த போன இங்க குடு.

— கைய விடுங்க. சாவப்போற மனுசனுக்கு இம்புட்டு வலு எங்கேருந்து வருது?

— அது ஒரு பதட்டத்துல வந்தது.

— இன்னொண்ணும் கேக்கேன். வெளிப்பொருள், வெளிப்பொருள்ங்கிய. அஞ்சு மாசமா நான் வடிகட்டிக் குடுத்த கஞ்சியத் தவிர உங்களுக்குள்ள எது போச்சு? எங்க பிள்ளைய காலுல கருவேல முள்ளு ஏறுனா சுத்திச் செவந்து வீங்கும். அந்த வீக்கம் முள்ளோடதா, பிள்ளையோடதா? உள்ள பூந்த கூட்டம் யாரு கூட்டம்னு நீங்க அவியகிட்டக் கேட்டியளா, இல்லையா?

— நீ சத்துணவு அமைப்பாளரா, இல்ல எங்க குவாலிட்டி ஆடிட்டரா? கேட்டேன். அதாவது, கேக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அடுத்த டோக்கன் கூப்பிட்டுட்டாவ.

— யாரோ கதவ இடிக்காவ.

— அண்ணி, தொறங்க. நான்தான் நசருல்லா. ரெண்டு கையும் ரொம்பிக்கினு இருக்குது, முட்டியாலதான் தட்டறேன்.

— வா தம்பி. இது என்ன கூடை?

— மாம்பழம் அண்ணி. கிருஷ்ணகிரியில மச்சான் ஷோயப் மண்டி வெச்சிருக்காருல்ல, அவரு பஸ்ஸுல போட்டு அனுப்பிச்சது. அதான் ஓசூர் வந்ததும் அண்ணன ஆட்டோவுல ஏத்திட்டு, நான் பஸ் ஸ்டாண்டுலயே நின்னு வாங்கிகினு வந்தேன். உள்ளதச் சொல்றேன், ஸ்வீட்டவிட இதான் சரி. அண்ணனுக்கு ஒரே ஒரு கீத்து, மீதியெல்லாம் நமக்கு.

— ஸ்வீட்டா? எதுக்கு?

— எதுக்கா? அண்ணே, இன்னுமா சொல்லல?

— நசரு, நீ களைச்சுப்போயி வந்திருக்க. தண்ணியக் குடிச்சுட்டுக் கெளம்பு, பஸ் போயிரும்.

— என்னாண்ணே பஸ்ஸு. என் வீடு அடுத்த சந்துல இருக்குது.

— தம்பி, அவரப் பாக்காத. என்னையப் பாத்துச் சொல்லு. டாக்டரம்மா என்ன சொன்னாவ?

— நல்ல சேதிதான் அண்ணி. கட்டிக்குள்ளாறப் பூந்திருக்கறது அத்தனையும் அண்ணனோட சொந்த ரத்தத்துல இருக்கற வெள்ளணுங்களாம். கட்டிய அடிக்கறதுக்குன்னு உடம்பு அனுப்பற ஆளுங்க. சில பேருக்கு அதுங்க வெளியவே நின்னுக்குமாம், உள்ள போவாதாம். அண்ணனுக்குக் கும்பலா உள்ளாறயே போயிட்டிருக்குது. இந்த மாதிரி இருக்கறவங்க, இல்லாதவங்களக் காட்டியும் ரொம்ப வருஷம் நல்லா இருக்காங்களாம். பெரிய பெரிய ஆஸ்பத்திரியிலல்லாம் எண்ணிப் பாத்திருக்காங்களாம்.

— வேற?

— பக்கத்து நெறிக்கட்டி எதுலயும் பரவல. போன வாரம் எடுத்த ஸ்கேனும் சுத்தம். நூத்துக்கு நூறுன்னு யாராலயும் எழுதித் தர முடியாது, ஆனா மனச விடாதீங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்கன்னாங்க. நம்மள சமாதானப்படுத்தச் சொல்றாங்களோன்னு எனக்கும் ஒரு டவுட்டு. அதனால, அந்தம்மா நர்ஸுகிட்ட கன்னடத்துல பேசறப்ப காத வெச்சிகினே இருந்தேன். அங்கயும் இதையேதான் சொன்னாங்க. கன்னடத்துல சொன்னா உண்மைதான் அண்ணி.

— எந்நேரமும் கூடவே ஆள் இருக்கணும்னாவளா?

— ஆளா? ஜூலையில இருந்து வேலைக்கே போலாம்னாங்க. வெயிட் தூக்காம, குந்திகினு பாக்கற வேலை.

— ஓ.

— அண்ணன்தான் அங்க ஒத்துக்கல. டாக்டரம்மாகிட்ட ஒரே சண்ட. ‘உள்ள இத்தன அயிட்டம் இருந்தா எப்படி மேடம் பாஸ் ஆவும், எங்க கம்பெனியில ஆவாது’ன்றாரு. அந்தம்மா சிரிச்சிட்டு, ‘உங்க கம்பெனியில பீஸுக்கு உயிர் கிடையாது சுடலைமுத்து’ன்னாங்க. அப்புறம் பெரிய புரொபசர் ஒருத்தரு, டையெல்லாம் கட்டிகினு, பின்னால நாலு பேரோட வந்தாரு. ‘அழகான கேஸ்’னு அண்ணன் கையப் புடிச்சிக் குலுக்கினாரு. அந்தப் படத்த ஜப்பான் மாநாட்டுல காட்டப் போறாராம். அண்ணன்கிட்ட கையெழுத்துகூட வாங்கினாங்க.

— ஜப்பான்லயா?

— ஆமாங்க அண்ணி. ‘படத்துல எம்பேரு வருமா’ன்னு அண்ணன் கேட்டாரு. வராதாம். நம்பருதான் வருமாம்.

— கேஸ் நம்பர் அறுபத்தொண்ணு. ஏளா, கம்பெனியிலயும் இருபத்திரண்டு வருசமா நம்பருதான். கடல் தாண்டிப் போனாலும் நம்பருதான். நான் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டத் தாண்டுனதே ஆஸ்பத்திரிக்குப் போகத்தான். என் கட்டி ஏரோப்ளேன் ஏறுது. ஆபரேஷனுக்கு மறுநாள் கம்பெனியில இருந்து வந்து பழக்கூடை குடுத்துப் போட்டோ எடுத்தாவல்லா, வயிறே இல்லாதவனுக்குப் பழக்கூடை. அந்தப் போட்டோவையும் கையோட ஜப்பானுக்கு அனுப்பலாம்.

— நீங்க பேசாதிய.

— அண்ணி, மொகம் ஏன் ஒருமாதிரி ஆயிடுச்சு? நான் எதுனா தப்பா சொல்லிட்டனா?

— நீ ஒரு தப்பும் சொல்லல தம்பி. நீ ஒருத்தன்தான் இன்னிக்கு இந்த வீட்டுல உள்ளதச் சொன்ன. உன் வீட்டுக்காரி குல்ஷனுக்கு நாலு பழம் எடுத்துட்டுப் போ.

— வேணா அண்ணி, வீட்டுல இன்னொரு கூடை கெடக்குது. அண்ணே, நான் வரேன். எனக்கு ஒண்ணும் வெளங்கல.

— உனக்கு வெளங்கியிருந்தா நான் பொழைச்சிருப்பேன். போடே.

— கதவச் சாத்துங்க.

— சாத்திட்டேன்.

— பொழைக்க மாட்டான்னு டாக்டர் சொன்னத மறைச்சு, பொழைச்சுக்கிடுவேன்னு வீட்டுல பொய் சொல்லுதவனப் பாத்திருக்கேன். பொழைச்சுக்கிடுவன்னு சொல்லியும் சாவப்போறேன்னு வந்து நிக்கவன இன்னிக்குத்தான் பாக்கேன். மௌனம் காக்கணுமாம்ல. மாசமா இருக்க பிள்ளைய ராத்திரி பஸ் ஏத்த இருந்தேன். எதுக்கு இந்தப் பொய்யி?

— திங்கக்கெழம ஜூன் ரெண்டாந்தேதி.

— அதுக்கு?

— பள்ளிக்கூடம் தொறக்குது.

— அதுக்கும் உங்க கட்டிக்கும் என்ன?

— ஜூன் வரைக்கும்னு நீதான சொன்ன. ஆஸ்பத்திரியில நான் மூக்குல குழாயோட கெடக்கையில.

— ஜூன் வரைக்கும் எதையும் நெனைக்காம படுங்கன்னு சொன்னேன்.

— அன்னையில இருந்து எண்ணிட்டிருக்கேன். அந்த வார்டுல அத்தன பேரும் எப்ப வீட்டுக்கு விடுவாவன்னு நாள எண்ணுனான். நான் ஒருத்தன்தான் எப்ப நல்லாயிருவமோன்னு பயந்துட்டே எண்ணுனேன். இன்னிக்கு அந்தம்மா நல்ல சேதின்னதும் எனக்கு மொத மொத கண்ணுல என்ன வந்துச்சு தெரியுமா? பஸ்ஸு. ஞாயித்துக்கெழம சாயங்காலம், கோயில்பட்டி போற பஸ்ஸு. நீ சன்னலோரம் உக்காந்திருக்க, நான் கீழ நின்னு தண்ணி பாட்டில நீட்டுதேன். செத்துருவேன்னா இருப்ப. பொழைச்சுட்டேன்னா போயிருவ. நான் வேற என்ன சொல்லட்டும்?

— கிறுக்கு பிடிச்சிருக்கு உங்களுக்கு.

— பிடிச்சிருக்கு. நமக்குக் கல்யாணம் ஆகி இருபத்துநாலு வருசம். பொங்கலுக்கு நாலு நாள் நான் வருவேன். கோயில் கொடைக்கு மூணு நாள். மே மாசம் நீ இங்க வருவ. வந்த அன்னிக்கு வீட்டக் கழுவுவ, பத்தாம் நாள் ஓசூர் தண்ணி ஒத்துக்கலம்ப. எல்லாத்தையும் கூட்டுனா வருசத்துக்கு ஒரு மாசம் தேறாது. வேலைய விட்டுட்டு வான்னு எத்தன வருசம் கேட்டேன்?

— மாத்தலுக்கு எழுதிப் போட்டேன்லா. மாவட்டம் விட்டு மாவட்டம் கிடையாதுன்னுட்டான்.

— மாத்தல் கேட்ட. விட்டுட்டு வரேன்னு ஒருநாளும் சொல்லல. நான் குத்தமாச் சொல்லல, வீரா. வயித்த வெட்டிப் போட்டு, நீ ஒழக்கால கஞ்சி அளந்து ஊத்தி, மருந்து ஏத்துன நாள்ல வாந்தியக் கையில ஏந்துனியே, இந்த அஞ்சு மாசந்தான் நான் குடும்பம்னு நடத்துனது. வயிறு போனதுக்கு நான் ஒரு சொட்டு அழல.

— அழுதிய. ரெண்டு நாள். நான் தூங்குதேன்னு நெனச்சு.

— அது வலிக்கு அழுதது, அதக் கணக்குல சேக்காத. அந்தம்மா சொல்லுதாவ, வெள்ளணு வெளியவே நிக்குமாம், உள்ள வராதாம், எனக்கு என்னவோ வந்துட்டாம். அவிய சொல்லச் சொல்ல நான் உன்னையத்தான் நெனச்சேன். இருபத்திரண்டு வருசம் ஊர்லயே நின்னுட்டு, கட்டின்னதும் மறுநாளே பஸ் ஏறி உள்ள வந்துட்டியே.

— என்னைய வெள்ளணுங்கியளா?

— ஜப்பானுக்குப் போற வெள்ளணு. சாதாரண ஆளா நீ.

— சிரிக்க வைக்காதிய. கோவமா இருக்கேன்.

— தெரியும். உனக்கு மட்டும் ஏக்கம் இல்லையா என்ன. மத்தியானம் ஆனா, இப்ப முட்ட போடுத நேரம், இப்ப முட்ட போடுத நேரம்னு பொலம்புவ.

— அந்தப் பிள்ள ஸ்வாதி, மூணாங்கிளாஸு. வெள்ளக்கருவத் தின்னுட்டு, மஞ்சக்கருவப் பாவாட நுனியில முடிஞ்சு தம்பிக்குக் கொண்டுபோவா. கொண்டுபோகக் கூடாது, அங்கேயே திங்கணும்னு சட்டம். நான் பாத்தும் பாக்காத மாதிரி இருப்பேன். நான் இல்லாத நாள்ல அத யாரு பாத்தாவளோ. பாத்துட்டுத் திட்டுனாவளோ.

— பாத்தியா. ஒடம்புதான் ஓசூர்ல இருக்கு.

— கனவுல அண்டா வருது. சாம்பார் அடிபிடிக்க வாசம் மூக்குல ஏறுது. ஓடிப்போயி எறக்கணும்னு முழிச்சா, இங்க உங்க கொறட்ட.

— போதும். நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். இதுல மறுபேச்சு கிடையாது. சுடலைமுத்து ஆகிய நான், முழு நினைவோடும், பாதி உடம்போடும், இதன்மூலம் தீர்மானிப்பது யாதெனில்: எண்பத்துமூன்று குழந்தைகளின் சோற்றுப் பானையை ஒரு தனிமனிதனின் கஞ்சிக் குவளைக்காகக் கவிழ்ப்பது எந்த வகையிலும் நியாயமாகாது. ஆகவே அமைப்பாளர் வீரலட்சுமியை அவரது பணிக்கு இந்த வீடு திருப்பி அனுப்புகிறது. நாளைக் காலையில நானே போயி ஞாயித்துக்கெழமைக்கு டிக்கெட் போடுதேன். அலாரம் வச்சுக்கிட்டு ஆறு வேளையும் நானே கஞ்சி காய்ச்சிக் குடிச்சுக்கிடுவேன். நீ ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு வருசம் இருக்கு. வெள்ளணு அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சா, அப்புறம் ஒரே வீட்டுல இருந்து பாப்போம். என்ன, நான் பேசப் பேச நீ பாட்டுக்கு மாம்பழம் நறுக்குத?

— பேசி முடிச்சாச்சா?

— முடிச்சாச்சு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொன்னா நான் மனசு மாறிருவேன்.

— டிக்கெட்டு போட வேண்டாம், நீங்க போன் பண்ணி கட்டின்னு சொன்ன மறுநாளே நான் வேல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன், அங்க இப்ப வேற அமைப்பாளர் போட்டாச்சு.